டர்பன் வண்டியும் லெனேசியா விடியலும்

ஐயா, பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பெரியவரிடம் 2005 மாடல் டொயோட்டா டாஸ் கார் வாங்கினேன். அங்கே ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை. ஏப்ரலில் வேலை மாறி ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியா வந்தேன். ஜூன் பிறந்ததிலிருந்து காலை ஐந்தரைக்குச் சாவியைத் திருப்பினால் 'டடடட' என்று சத்தம் மட்டும் வருகிறது, டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்குகிறது. வெயில் ஏறிப் பத்து மணிக்குப் போனால் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் ஒருவர் ஸ்டார்ட்டரை மாற்ற வேண்டும், மூவாயிரம் ரேண்ட் என்கிறார். பேட்டரி போன வருஷம்தான் மாற்றியது என்று பெரியவர் சொன்னார். ஸ்டார்ட்டரை மாற்றலாமா?
*– நர்ஸ் வாசகி, லெனேசியா*

மாற்றாதீர்கள் அம்மா, இப்போதைக்கு.

நோய் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஸ்டார்ட்டர் கெட்டிருந்தால் பெரும்பாலும் 'டொக்' என்று ஒரே சத்தம் வரும், இல்லையென்றால் அதுவும் வராது. விளக்கு பளிச்சென்றே எரியும். படபடவென்று அடித்துக்கொண்டு விளக்கும் மங்கினால், ஸ்டார்ட்டருக்கு வேண்டிய கரண்ட் போய்ச் சேரவில்லை. பேட்டரியில் சரக்கு இல்லை, அல்லது இருந்தும் வழியில் எங்கோ அடைப்பு.

டர்பனில் மட்டும் எப்படி ஓடியது? அங்கே ஜூலை விடியலில்கூட ஒரு ஸ்வெட்டர் போதும். நீங்கள் இப்போது இருப்பது கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேலே. ராத்திரி பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். (பஞ்சாங்கம் மார்கழியைக் குளிர் என்கிறது. நமக்கு மார்கழியில் வேர்த்துக் கொட்டும், ஆடியில்தான் பல் கிட்டும். கோயிலில் ஆடிக்கூழ் வாங்கும்போது கை சூடேறினால் போதும் என்றிருக்கும்.) பூஜ்ஜியம் டிகிரியில் நல்ல பேட்டரியே தன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கொடுக்கும். அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி, எஞ்சினைச் சுற்ற அதிக பலம் கேட்கும். கொடுப்பவன் கை சுருங்கும் நேரத்தில் கேட்பவன் வாய் பெரிதாகிறது. உங்கள் வண்டிக்கு நோய் டர்பனிலேயே இருந்தது, குளிர் வந்து காட்டிக்கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

வோல்ட் அளக்கும் மல்ட்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள், மலிவானதே போதும். வண்டி ராத்திரி முழுக்க நின்றபிறகு, சாவி போடுவதற்கு முன் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் பட்டினி. அடுத்து, யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால், முதலில் முழுசாகச் சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால் பேட்டரி போய்விட்டது, பெரியவர் என்ன சொல்லியிருந்தாலும் சரி. மேலே தேதி முத்திரை இருக்கும், அதைப் படியுங்கள். அவர் பொய் சொன்னார் என்று சொல்லவில்லை. வயதானவர்களுக்குப் போன வருஷம் என்பது நாலு வருஷமாகவும் இருக்கும், எனக்கும் அப்படித்தான். எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் நடுவே காட்டினால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது.

பேட்டரி நன்றாக இருந்தால் எர்த் வயரைப் பாருங்கள், எஞ்சினிலிருந்தும் பாடியிலிருந்தும் கரண்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி அது. இதைச் சொல்லாமல் விட்டால் என் நாற்பது வருஷ வேலைக்கு அர்த்தமில்லை. டர்பன் கிளேர்வுட்டில் ஒர்க்ஷாப் வைத்திருந்தபோது ஒரு சிட்டி கோல்ஃப் வந்தது, இதே கதை. பேட்டரி மாற்றினேன். பிறகு ஸ்டார்ட்டரையும் மாற்றினேன். மூன்றாம் தடவை டோ டிரக்கில் வந்து இறங்கியது. வண்டிக்காரர் வாய் திறக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார், திட்டியிருந்தால் தேவலை. வண்டிக்கு அடியில் படுத்துக் கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரைப் பிடித்தேன். மேலுறை கறுப்பாக, புதுசு மாதிரி. வளைத்தேன், உள்ளே நறநறவென்றது. கத்தியால் கீறினால் செம்புக் கம்பி இல்லை, பச்சைப் பொடி கொட்டுகிறது. கடல் காற்று உப்பு முனையில் நுழைந்து, உள்ளுக்குள்ளேயே தின்றிருக்கிறது. ஏழெட்டு இழைதான் மிச்சம். விளக்கு எரிய அது போதும், ஸ்டார்ட்டருக்குப் போதாது. ஸ்டார்ட்டர் காசை அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

உங்கள் டாஸும் கடலோரத்தில் வளர்ந்த வண்டி. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலும், மறு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட் தாண்டினால் திருடன் அங்கேதான். டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றி, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிட்டு, இறுக்கியபின் வாசலின் பூசுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

அப்புறம், பெரியவர் என்ன ஆயில் ஊற்றினார் என்று போன் போட்டுக் கேளுங்கள். பழைய எஞ்சின் புகையக்கூடாது என்று 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயில் ஊற்றுவது டர்பனில் சகஜம். இந்தக் குளிருக்கு அது தேன் மாதிரி. கையேட்டில் அனுமதித்திருந்தால், குளிரில் அவ்வளவு கெட்டியாகாத 10டபிள்யூ-40க்கு மாறலாம். ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் இருக்கிறதா என்பதையும் இந்த வாரமே பாருங்கள். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், எஞ்சின் பிளாக்கே பிளக்கும். உறையவிடாத கூலண்ட் திரவம் பாதி, தண்ணீர் பாதி. எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்காதீர்கள்.

எங்கள் பெட்ரோல் பேக்கி (பின்னால் திறந்த சரக்கு வண்டி) காலையில் ஜோராகச் சுற்றுகிறது, பிடிக்கமாட்டேன் என்கிறது. பத்துத் தடவை ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் வாடைதான் வருகிறது.
*– வாசகர், லாடியம்*

மிதிக்காதீர்கள் தம்பி. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவி போடுமுன் மிதிப்பது வீண். கார்புரேட்டர் வண்டியில் அது பிளக்கை நனைத்துவிடும். பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, தொடவேண்டாம். ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை அழுத்திப் பிடித்தபடி ஐந்து விநாடி சுற்றுங்கள், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகள் அப்போது பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் இழுக்கும். தினமும் இதே கதை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அடுத்து கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார். எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான்; அது தப்புக் கணக்குச் சொன்னால் பெட்ரோலும் தப்பாகத்தான் வரும்.

லோட் ஷெட்டிங் மின்வெட்டுக்கு வாங்கிய இன்வெர்ட்டர் பேட்டரி சும்மா கிடக்கிறது. அதைக் காரில் மாட்டலாமா?
*– வாசகர், ஆக்டன்வில்

கூடாது. அது கொஞ்சம் கொஞ்சமாக நாலு மணி நேரம் கொடுக்கப் பிறந்தது. காருக்கு வேண்டியது இரண்டு விநாடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர். டிவி பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.