கிலோ ரேட்டில் சீனச் சரக்கு: கடை வாசலுக்கே வந்தால் வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் சின்னதாக ஃபேன்ஸி ஸ்டோர் நடத்துகிறேன். இதுவரை சென்னை சவுகார்பேட்டையில்தான் சரக்கு எடுத்து வந்தேன். சீனாவின் யீவு சந்தையிலிருந்து நேரடியாகவே எடுத்துத் தருவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். ஹேர் கிளிப், பொம்மை, பவர் பேங்க், லைட்டர் எல்லாம் கலந்து அனுப்பலாமாம். பொருளின் விலை தனி. கப்பல், வரி எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 380 ரூபாய். "கடை வாசலில் இறக்கிவிடுகிறேன், உங்களுக்கு லைசென்ஸ் எதுவும் வேண்டாம்" என்கிறார். முதலில் சாம்பிள் பார்சலை 'கிஃப்ட்' என்று போட்டு அனுப்பினால் வரியே வராது என்றும் சொல்கிறார். 25,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. அட்வான்ஸ் திரும்பி வராவிட்டாலும் கொடுக்காதீர்கள்.

துறைமுகத்தில் கிளியரிங் வேலையில், அதாவது இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் வேலையில், இருபத்தைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். மாதத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள், பெரும்பாலும் பணம் போன பிறகு. நீங்கள் முன்னதாகவே கேட்டது நல்லது.

ஒரே ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். நீங்கள் சொல்லும் சரக்குகளுக்குச் சுங்க வரி எடையைப் பார்த்துப் போடுவதில்லை. பொருளின் விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டி, அந்தத் தொகையின் மேல் சதவீதமாகப் போடுகிறார்கள். ஒரு கிலோ ஹேர் கிளிப்பின் விலை வேறு, ஒரு கிலோ பவர் பேங்கின் விலை வேறு. வரி விகிதமும் பொருளுக்குப் பொருள் மாறும். அப்படியிருக்க, எல்லாவற்றுக்கும் ஒரே கிலோ ரேட்டில் 'வரி உட்பட' என்று ஒருவரால் எப்படிச் சொல்ல முடியும்? வரியை ஒழுங்காகக் கட்டுகிறவரால் சொல்ல முடியாது.

நடப்பது இதுதான். முப்பது நாற்பது கடைக்காரர்களின் சரக்கை ஒரே கன்டெய்னரில் அடைப்பார்கள். யாரோ ஒருவரின் இறக்குமதிக் குறியீட்டில், அதாவது ஐஇசி கோடில், பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்க அறிக்கையைப் போடுவார்கள். உள்ளே இருக்கும் சரக்கை ஏதோ மலிவான ஒரே பொருள் என்று காட்டுவார்கள். தப்பி வந்தால் உங்கள் கடைக்கு வரும். கன்டெய்னரை நிறுத்திப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் போச்சு. பொய்க் கணக்கு காட்டிய சரக்கைப் பறிமுதல் செய்யச் சுங்கச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. அந்தக் காகிதங்கள் எதிலும் உங்கள் பெயர் இருக்காது என்பதால் "அதில் பாதிப் பெட்டி என்னுடையது" என்று போய்க் கேட்கக்கூட முடியாது. எனக்குத் தெரிந்த மதுரைக் கடைக்காரர் ஒருவர் தீபாவளிக்கு வாங்கிய சரக்கை இப்படித்தான் முழுதாக இழந்தார். ஏஜென்ட் போனை எடுக்கவே இல்லை.

தப்பி வந்தாலும் பில் இல்லாத சரக்கு. ஜிஎஸ்டி கிரெடிட் எடுக்க முடியாது, சோதனைக்கு வந்தால் காட்ட எதுவும் இருக்காது.

அடுத்து அவரே இன்னொன்று கேட்பார்: "நீங்களே ஒரு ஐஇசி எடுங்கள், அதில் என் மற்ற சரக்கையும் சேர்த்து இறக்குகிறேன், உங்களுக்குக் கமிஷன் தருகிறேன்." இதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். உங்கள் கோடில் வந்த சரக்குக்கு நீங்கள்தான் பொறுப்பு. கன்டெய்னருக்குள் பட்டாசு இருந்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அப்படி வெறும் கமிஷனுக்காகக் கோடை இரவல் கொடுத்துவிட்டு விசாரணைக்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனது பொறுக்கவில்லை.

சரி, அவர் சொன்ன பொருட்களைப் பார்ப்போம். பொம்மையை விட்டுவிடுங்கள். 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை இறக்க முடியாது. அந்த முத்திரைக்கான உரிமத்தை நீங்கள் எடுக்க முடியாது, பொம்மை செய்கிற தொழிற்சாலைதான் எடுக்க வேண்டும். அடிப்படை வரியையும் 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70 ஆக்கினார்கள். பவர் பேங்கும் சார்ஜர் அடாப்டரும் பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் இருந்தால்தான் உள்ளே வரும். பெட்டியில் அந்த முத்திரையை அச்சடித்துத் தருகிறேன் என்று சீனக் கடைக்காரரே சொல்வார். அச்சடிப்பது பதிவு ஆகாது. எண்ணை பிஐஎஸ் செயலியில் போட்டுப் பார்த்தால் அது யாருடையது என்று தெரிந்துவிடும்.

லைட்டர் வேண்டவே வேண்டாம். 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள லைட்டர் இறக்குமதியை 2023 ஜூன் மாதமே தடை செய்தார்கள். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி பக்கம் தீப்பெட்டித் தொழிலில் இருப்பவர்கள் பல வருடங்களாகப் போராடிப் பெற்ற தடை அது. ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் வேலையைச் செய்துவிடும் என்பது அவர்களுடைய கவலை. அந்த ஊர்ப் பெண்களின் கூலி இதில் இருக்கிறது.

மிச்சம் இருப்பது ஹேர் கிளிப், ரப்பர் பேண்ட், சீப்பு மாதிரியான சாமான்கள். அதைத் தாராளமாகக் கொண்டு வரலாம்.

இப்போது அந்த 'கிஃப்ட்' பார்சல். ஒரு காலத்தில் குறிப்பிட்ட தொகை வரை அன்பளிப்புக்கு வரி இல்லை. சீன ஆன்லைன் கடைகள் எல்லாப் பார்சலையும் 'அன்பளிப்பு' என்று அனுப்பவே, 2019 டிசம்பரில் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். உயிர்காக்கும் மருந்துக்கு விலக்கு உண்டு. இன்னொரு விலக்கும் உண்டு: ராக்கி. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் ஏஜென்ட்கள் இதைச் சொல்லித்தான் ஏமாற்றுகிறார்கள். ரக்‌ஷா பந்தனுக்குத் தங்கை அண்ணனுக்கு அனுப்பும் ராக்கிக் கயிற்றுக்கு மட்டும்தான் விலக்கு. கயிற்றோடு சேர்த்து ஒரு வாட்ச் வைத்தால் வாட்சுக்குக் கிடையாது. சாக்லேட் பெட்டி வைத்தால் அதற்கும் கிடையாது. 'ராக்கியோடு தொடர்புள்ள பரிசுக்குப் பொருந்தாது' என்று அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். போன வருடம் ஒருவர் ஐநூறு பிரேஸ்லெட்டை 'ராக்கி' என்று எழுதி வரவழைக்கலாமா என்று என்னிடமே கேட்டார். ஐநூறு அண்ணன் உள்ள தங்கை யார்? சாம்பிளை சாம்பிள் என்றே எழுதி, வரி கட்டி எடுங்கள். சின்னத் தொகைதான் வரும்.

நேர்வழி நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. ஐஇசிக்கு டிஜிஎஃப்டி என்ற மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் துறை இணையதளத்தில் 500 ரூபாய் கட்டணம், பான் கார்டு, முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு போதும். இதையே எடுத்துத் தர ஐயாயிரம் கேட்கிறார்கள், கொடுக்காதீர்கள். வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பித்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. மறந்தால் கோடு முடங்கும், சரக்கு துறைமுகத்தில் நிற்கும். பிறகு உங்கள் வங்கியில் ஏடி கோடு (அந்நியச் செலாவணி கையாளும் வங்கிக் கிளையின் எண்) வாங்கிச் சுங்கத்தில் பதிய வேண்டும். உரிமம் உள்ள கிளியரிங் ஏஜென்ட் ஒருவரையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

செலவுக்கு ஒரு கணக்கு. துறைமுகம் வந்து சேரும் மதிப்பு 1 லட்சம், அடிப்படை வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரி 20,000. அதன் மேல் சமூக நல சர்சார்ஜ் பத்தில் ஒரு பங்கு, 2,000. ஆக 1,22,000. இதன் மேல் இறக்குமதிக்கான ஜிஎஸ்டி, அதாவது ஐஜிஎஸ்டி, 18 சதவீதம் என்றால் 21,960. இந்த ஐஜிஎஸ்டியை நீங்கள் விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். கையை விட்டுப் போவது 22,000 மட்டுமே.

கப்பல் கூலியில் ஒரு பொறி இருக்கிறது. முழு கன்டெய்னர் பிடிக்காமல் பகுதிச் சரக்காக அனுப்பும்போது சீன வியாபாரி "கூலியே வேண்டாம், சென்னை வரை இலவசம்" என்பார். சந்தோஷப்படாதீர்கள். அந்தக் கூலியையும் அதற்கு மேலேயும் சென்னையில் டெலிவரி ஆர்டர், அதாவது சரக்கை எடுத்துப்போக அனுமதிச் சீட்டு, கொடுக்கும் கம்பெனி உங்களிடம் வசூலிக்கும். பத்தாயிரம் ரூபாய்ச் சரக்குக்கு முப்பதாயிரம் பில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். பொருளை எஃப்ஓபி விலையில், அதாவது சீனத் துறைமுகத்தில் கப்பல் ஏற்றித் தரும் வரையிலான விலையில், வாங்குங்கள். கப்பல் ஏற்பாட்டை உங்கள் ஏஜென்ட் பார்க்கட்டும். சென்னைச் செலவு எவ்வளவு என்று கப்பல் ஏறும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பணத்தை உங்கள் வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். "இங்கே ரூபாயாகக் கொடுங்கள், அங்கே யுவானாகக் கொடுத்துவிடுவார்கள்" என்றால் அது ஹவாலா. 'கணக்கு எண் மாறிவிட்டது' என்று மெயில் வந்தால் பழைய போன் எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

இவ்வளவு விதிகளையும் ஒரு சின்னக் கடைக்காரர் எங்கே போய்ப் படிப்பார்? எல்லாம் ஆங்கிலத்தில், அறிவிப்புக்கு மேல் அறிவிப்பாகக் கிடக்கிறது. பொம்மை உத்தரவையே 2020 செப்டம்பர் என்று சொல்லிப் பிறகு ஜனவரிக்குத் தள்ளினார்கள். கல் பதித்த ஒரு ஹேர் கிளிப்பை ஒரு அதிகாரி தலைமுடிச் சாமான் என்பார், இன்னொருவர் கவரிங் நகை என்பார். அவர்கள் பேசி முடிக்கும்வரை வாடகை உங்கள் தலையில். தமிழில் இருபது பக்கக் கையேடு ஒன்று போட்டாலே பாதிப் பேர் கிலோ ரேட்காரர்களிடம் போக மாட்டார்கள். இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த 25,000. ஏஜென்டிடம் வாட்ஸாப்பில், எழுத்தில், ஒரே கேள்வி கேளுங்கள்: "பில் ஆஃப் என்ட்ரி யார் பெயரில் வரும்?" உங்கள் பெயரில் என்றால் ஐஇசி இல்லாமல் முடியாது, அவர் சொன்னது பொய் என்று அங்கேயே தெரிந்துவிடும். வேறு பெயரில் என்றால் ஆர்டரை ரத்து செய்வதாக அதே இடத்தில் எழுதி, அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். பணம் அனுப்பிய ரசீதையும் அந்த உரையாடலையும் அழிக்காமல் வையுங்கள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க அவை வேண்டும். ஐஇசி வந்ததும் முதல் தடவை ஹேர் கிளிப் மட்டும் நாலைந்து பெட்டி இறக்குங்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, தயாரித்த மாதமும் வருடமும், எம்ஆர்பி, எத்தனை எண்ணம், புகாருக்கான போன் எண் ஆகியவற்றை அச்சடித்த ஸ்டிக்கரை யீவிலேயே பாக்கெட்டில் ஒட்டச் சொல்லிவிடுங்கள். சென்னையில் ஒட்டினால் ஆள் கூலியும் கோடவுன் வாடகையும் கிளிப் விலையைத் தாண்டிவிடும்.