அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தூங்குகிறவர்கள்: நீங்கள் கேட்டதும் என் பதிலும்

இரவில் வெளியே படுப்பவர்களைச் சந்தித்துப் பேசும் தொண்டூழியர் குழுவில் இருக்கிறேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

தெம்பனிஸ் வாசகர்: சிங்கப்பூரில் வேலைக்கா பஞ்சம்? இவர்கள் உழைக்க மனமில்லாதவர்கள்தானே, அக்கா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளி 2019இல் நாடு முழுக்கத் தெருத் தெருவாகப் போய் எண்ணியதில், வெளியே படுப்பவர்கள் 921 முதல் 1,050 பேர் வரை இருக்கலாம் என்று வந்தது, பேட்டி கொடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். துப்புரவு, செக்யூரிட்டி மாதிரி குறைந்த சம்பள வேலைகள். காலையில் நீங்கள் தே தாரிக் குடிக்கும் கடையில் மேசை துடைப்பவர் ராத்திரி எங்கே படுத்தார் என்று யாருக்குத் தெரியும்? சோம்பேறி என்று சொல்வது நமக்கு வசதி, அவ்வளவுதான்.

ஈசூன் வாசகர்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாடகை வீடு இருக்கிறதே, ஏன் போவதில்லை?

சிலர் பெயரில் வீடு இருக்கவே செய்கிறது. மற்றபடி, மணவிலக்கில் வீட்டை விற்றவர், மகனோடு சண்டை போட்டு வெளியேறியவர், கடனில் வீட்டை இழந்தவர் என்று ஆளுக்கொரு கதை. தனியாள் என்றால் பொதுவாக 35 வயதாகியிருக்க வேண்டும், அதோடு இன்னொரு தனியாளுடன் சேர்ந்துதான் ஒரு வீட்டை எடுக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல், முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே அறையில் படுத்துப் பாருங்கள், ஒருவர் சிகரெட் பிடிப்பார், மற்றவருக்கு இருமல், ஒருவர் இரவு வேலை முடிந்து வரும்போது மற்றவர் எழுந்து ரேடியோவைப் போடுவார், கடைசியில் யாராவது ஒருவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். கூட்டாளியைத் தேடி அலையாமல், வீட்டை நடத்தும் அமைப்பே ஆள் சேர்த்துவிடும் ஏற்பாடு 2021 இறுதியில் தொடங்கியது, அது உண்மையிலேயே நல்ல மாற்றம்.

பிடோக் வாசகர்: குடி, சூதாட்டம்தானே காரணம்?

சிலருக்கு, ஆமாம். வெளியே வந்தபின் குடிக்க ஆரம்பித்தவர்களும் உண்டு. பங்களாவில் குடிப்பவரை மட்டும் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

ஜூரோங் வாசகர்: ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்கா திடலில் படுத்திருப்பவர்களும் இந்தக் கணக்கில் வருவார்களா?

இல்லை. பெரும்பாலும் விடுமுறை நாளில் நண்பர்களைப் பார்க்க வந்த வெளிநாட்டு ஊழியர்கள், தங்க விடுதி இருக்கிறது. நம்மவர்களே அவர்களைப் பார்த்து முகம் சுளிப்பதுதான் எனக்குக் கோபம். ஆனால் 2020 மார்ச்சில் மலேசியா எல்லையை மூடியபோது, தினமும் ஜொகூரிலிருந்து வந்துபோன ஊழியர்கள் சிலர் கிராஞ்சி ரயில் நிலையப் பக்கம் படுத்தார்கள். ஒரே ராத்திரியில் வீடில்லாதவர் ஆவது அப்படித்தான்.

ஒரு மாணவர்: எங்கள் புளோக்கில் ஒரு தாத்தா படுக்கிறார். போலீசைக் கூப்பிடலாமா?

எதற்கு, தம்பி? வெளியில் தூங்குவது மட்டுமே குற்றமாகாது. பூங்காவில் அனுமதியில்லாமல் கூடாரம் போடுவது, தொடர்ந்து பிச்சை எடுப்பது எல்லாம் வேறு. மயங்கிக் கிடந்தால் ஆம்புலன்சுக்கு 995. மற்றபடி, அவர் விழித்திருக்கும்போது "சாப்பிட்டீங்களா, தாத்தா?" என்று ஆரம்பி. முதல் நாளே ஊர், குடும்பம் என்று துருவாதே. போட்டோ வேண்டவே வேண்டாம். உதவி வேண்டும் என்று அவரே சொன்னால் அரசாங்க உதவித் திட்டமான காம்கேரின் எண் 1800-222-0000 கொடு, அல்லது சமூக சேவை அலுவலகத்துக்குக் கூடவே போ. இரவில் மட்டும் படுக்க இடம் தரும் வழிபாட்டு இடங்களும் உண்டு. முதல் தடவை மறுத்தால் விட்டுவிடு, அடுத்த வாரம் மறுபடி பேசு.

உட்லண்ட்ஸ் வாசகர்: பிரியாணிப் பொட்டலம் கொடுக்கலாமா?

கேட்டுவிட்டுக் கொடுங்கள். தீபாவளி வாரத்தில் ஒரே ஆளுக்கு நாலு குழு பிரியாணி கொடுத்துவிட்டுப் போகும், அவருக்கோ சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் இருக்கும். போன் சார்ஜ் செய்யப் பவர்பேங்க், கொசு மருந்து, காலுறை என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.