செருப்பும் சீப்புச்சீடையும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் வீட்டு நாய் ஒருநாள் விட்டு ஒருநாள் செருப்பைக் கடித்துப் போடுகிறது. நான் படியேறியதுமே காதை மடக்கி, வாலை இடுக்கிக்கொண்டு முகப்புத் தூணுக்குப் பின்னால் போய்விடும். இத்தனைக்கும் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். தப்பு என்று தெரியாமலா ஒளிகிறது?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சிக்கு,

நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதையே சோதித்து 2009-ல் வெளியிட்டார். மொத்தம் 14 நாய்கள். தின்பண்டத்தைக் காட்டி ‘தொடாதே’ என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். திரும்பி வந்ததும் நாய் தின்றதா இல்லையா என்று அவருக்குச் சொல்லப்படும். சில தடவை வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார்கள். தின்றது என்று கேள்விப்பட்டால் அவர் திட்ட வேண்டும். பதிவான படங்களைப் பார்த்தால், தின்ற நாய்க்கும் தின்னாத நாய்க்கும் முழியில் வித்தியாசமே இல்லை. திட்டு வாங்கிய நாய்தான் திருதிருவென்று முழித்தது. அதிலும் தின்னாமலே திட்டு வாங்கியதுதான் கூடுதல்.

நீங்கள் திட்டவில்லை, சரி. முன்பு திட்டியிருப்பீர்கள் அல்லவா? கிழிந்த செருப்பு கிடக்கும்போது ஆச்சி வந்தால் வசவு விழும். நாய்க்கு இந்தக் கணக்கு போதும்; கடித்தது யார் என்பது அதில் வரவே வேண்டியதில்லை. நாய்க்குக் குற்ற உணர்வே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. முகத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான். வேண்டுமானால் அது பார்க்காத நேரத்தில் நீங்களே ஒரு பழைய செருப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, வெளியே போய்விட்டு வாருங்கள். என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். கானாடுகாத்தானில் அம்மாவைப் பெற்ற ஆயா வீட்டுக் கல்யாணத்துக்குச் சுட்டு வைத்த சீப்புச்சீடை, டின்னில் பாதியாகிவிட்டது. வீட்டின் இரண்டாம் கட்டில் எடுபிடிக்கு இருந்த பையனை வளவுக்குள் கூப்பிட்டார்கள். ஐயா குரலை உயர்த்தியதும் அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கால் பெருவிரலால் ஆத்தங்குடிக் கல்லைத் தேய்த்தான். “முழியைப் பாத்தாலே தெரியலையாக்கும்” என்றார் ஆயா. பொழுது சாய்வதற்குள் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

தின்றது நானும் அம்மான் மகனும். அந்தப் பையனைத் திட்டும்போது நாங்கள் இரண்டு பேரும் பக்கத்திலேயேதான் நின்றோம். எங்கள் முகத்தை யாரும் பார்க்கவில்லை.