வெப்பத்தில் கோதுமையின் புரதம் கூடினால் தரமும் கூடுமா?

கடும் வெப்பம் கோதுமை விளைச்சலைக் குறைப்பது தெரியும், ஆனால் அதே வெப்பத்தில் மணியின் புரத விழுக்காடு கூடுகிறதே, அப்படியானால் தரம் உயர்கிறது என்று கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொள்ள முடியாது. விளைச்சல் குறைவதும் புரத விழுக்காடு கூடுவதும் பெரும்பாலும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள்தாம். மணிக்குள் மாவுச்சத்து சேர்வது பாதியில் தடைபடுகிறது என்பதே அந்தக் காரணம்.

எத்தனை டிகிரி வெப்பம் என்பதைக் காட்டிலும், பயிர் எந்தப் பருவத்தில் இருக்கும்போது அது வந்தது என்பதையே முதலில் கேட்க வேண்டும். தூர் கட்டும், அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைக்கும் பருவத்தில் வெப்பம் மிகுந்தால் தூர்கள் குறையும், பயிர் விரைந்து கதிர் தள்ளும். இழப்பு உண்டு என்றாலும் அது ஓரளவு ஈடுகட்டக்கூடியது. பூப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாக, கதிர் இன்னும் இலையுறைக்குள் இருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்தில் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிலைமை வேறு. அப்போதுதான் மகரந்தத்தை உருவாக்கும் உயிரணுப் பிரிவு நடக்கிறது. அது கெட்டால் மகரந்தம் மலடாகிவிடும். வெளியே வரும் கதிர் பார்வைக்குக் குறையில்லாமல்தான் இருக்கும். உமியை விரலால் நசுக்கிப் பார்த்தால்தான் உள்ளே மணி பிடிக்கவே இல்லை என்பது தெரியும். இப்படிக் குறைந்துபோன மணிகளின் எண்ணிக்கையைப் பின்னால் எந்த உரத்தாலும் நீராலும் மீட்க முடியாது.

பூத்த பிறகு வரும் வெப்பம் எண்ணிக்கையை விட்டுவிட்டு எடையைப் பிடித்துக்கொள்கிறது. மணி முற்றுவதற்கு ஏற்ற வெப்பநிலை ஏறக்குறைய 15 முதல் 22 டிகிரி வரை. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் மணி நிரம்பும் காலம் சுமார் 3 நாள் சுருங்குவதாக ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. வெப்பத்தில் மணி வேகமாக நிரம்பும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேகம் இழந்த நாள்களை ஈடுசெய்யப் போதுவதில்லை. இதற்கிடையில் காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதியை இயங்கும் நிலையில் வைத்திருக்கும் துணை நொதி செயலிழப்பதால், கதிருக்கு அடுத்துக் கீழே உள்ள கண்ணாடி இலையில் ஒளிச்சேர்க்கை தளர்கிறது, பச்சையமும் முன்கூட்டியே சிதைகிறது. இரவும் வெப்பமாக இருந்தால், பகலில் சேர்த்ததில் ஒரு பகுதி சுவாசத்திலேயே செலவாகிவிடுகிறது. வயல் சீக்கிரம் பொன்னிறம் கொள்வதைப் பார்த்துப் பயிர் நன்றாக முற்றிவிட்டதாக எண்ணுவது எளிது. பல நேரங்களில் அது முற்றியதல்ல, பட்டுப்போனது.

இலையின் தளர்ச்சியை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. தண்டில் சேமித்த சர்க்கரை மணிக்கு வந்துகொண்டிருந்தாலும், அதை மாவுச்சத்தாக மாற்றும் கரையும் ஸ்டார்ச் சிந்தேஸ் என்ற நொதி வெப்பத்தைத் தாங்குவதில்லை. ஏறத்தாழ 25 டிகிரிக்கு மேல் அதன் செயல்திறன் சரியத் தொடங்குகிறது. அடுப்பில் உலை கொதித்தும் அரிசியைப் போட ஆளில்லாத நிலை இது. மாவுச்சத்து மணியின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு இருப்பதால், இந்த ஒரு நொதியின் தளர்ச்சியே மணியைச் சுருங்க வைத்துவிடும்.

இப்போது புரதக் கணக்குக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டாக, 40 மில்லிகிராம் எடையுள்ள மணியில் 12 விழுக்காடு புரதம் என்றால் 4.8 மில்லிகிராம். வெப்பத்தால் மணி 30 மில்லிகிராமாகச் சுருங்கி, புரதம் 4.2 மில்லிகிராமாகக் குறைந்தால், விழுக்காடு 14 ஆகிவிடும். புரதமும் குறைந்திருக்கிறது, மாவுச்சத்து அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கிறது. எண் மட்டும் உயர்ந்திருக்கிறது.

அந்த எண்ணுக்குள்ளும் ஒரு சிக்கல் உண்டு. பிசைந்த மாவைப் பிணைத்து வைக்கும் கோதுமைப் புரதத் தொகுப்பான குளூட்டனில், மாவுக்கு இழுவைத் தன்மை தருவது கிளையடின், விறைப்பும் வலுவும் தருவது குளூட்டெனின். மிதமான வெப்பம், ஏறக்குறைய 30 டிகிரி வரை, மாவின் வலுவைச் சற்று கூட்டவும் செய்யும்; அதனால்தான் இந்த விஷயத்தில் முரணான கருத்துகள் உலவுகின்றன. ஆனால் மணி நிரம்பும் காலத்தில் 35 டிகிரியைத் தாண்டிய சில நாள்கள் வந்தாலே கிளையடினின் பங்கு கூடி, குளூட்டெனின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து உருவாகும் பெரிய தொகுப்புகள் குறைந்துவிடுவதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990-களில் விரிவாகக் காட்டினார்கள். விளைவாக, புரதம் அதிகமுள்ள மாவே பிசையும்போது தளர்ந்து, ரொட்டியும் போதிய அளவு எழும்பாமல் போகலாம். ஆகவே புரத விழுக்காட்டை மட்டும் வைத்துத் தரம் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் மாவின் வலுவையும் தனியாகச் சோதிப்பதே முறை.

அரைவையிலும் இழப்பு தொடர்கிறது. சுருங்கிய மணியில் தவிட்டின் பங்கு கூடுவதால் வெள்ளை மாவு குறைவாகக் கிடைக்கும், மாவில் சாம்பலளவும், அதாவது எரித்தபின் எஞ்சும் தாதுக்களின் அளவும் உயரும். மணி நிரம்பத் தொடங்கிச் சில நாள்களுக்குப் பிறகே உருவாகும் சிறு மாவுத்துகள்கள் வெப்பத்தில் குறைந்து, பெரிய துகள்களின் விகிதம் மேலோங்குவதால், மாவு நீரை ஏற்கும் தன்மையும் மாறுகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. உலகச் சராசரி வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி உயர்வதற்கும் உலகக் கோதுமை உற்பத்தி சுமார் 6 விழுக்காடு குறையும் என்று 2015-இல் வெளியான, பயிர் வளர்ச்சியைக் கணிக்கும் பல கணினி மாதிரிகளை ஒப்பிட்ட ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில் 1901-இலிருந்து பதிவான மார்ச் மாதங்களிலேயே அதிக வெப்பமானதாக 2022 மார்ச் அமைந்தபோது, வடமேற்கு மாநிலங்களில் பயிர் மணி நிரம்பும் பருவத்தில் இருந்தது. அரசுக் கொள்முதலில் சுருங்கிய, உடைந்த மணிகளுக்கான உச்சவரம்பை 6 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகத் தளர்த்த வேண்டியதாயிற்று.

தடுப்பதற்கு உள்ள வழிகளில் நான் முதலிடம் கொடுப்பது விதைப்புக் காலத்துக்கு. வெப்பம் ஏறும் முன்பே மணி நிரம்பிவிடும்படி முன்கூட்டி விதைப்பதும், அதற்கேற்ற குறுகிய கால ரகங்களைத் தேர்வதும் வேறு எதையும்விடப் பயன் தருகின்றன. முன்கூட்டி விதைத்தால் பூக்கும் நேரத்தில் உறைபனி படும் இடங்களில் மட்டும் இது இருபுறமும் எடைபோட வேண்டிய முடிவு. அடுத்தது நீர்: வேரில் ஈரம் இருக்கும்வரை பயிர் நீரை ஆவியாக்கித் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருக்க முடியும் என்பதால், வெப்ப அலைக்கு முன்பு பாய்ச்சும் இலேசான நீர் நல்ல பலன் தரும். காற்று பலமாக வீசும் நாளில் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும். ஈர மண்ணில் கதிர் முற்றும் பயிர் சாய்ந்துவிட்டால், காப்பாற்றிய எடையையும் சேர்த்து இழக்க நேரும்.