கியோட்டோவில் தங்கி நாரா போய் வருவது: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஜப்பான் வரும் தம்பதிகள் பலரும் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள்: கியோட்டோவில் அறை போட்டுக்கொண்டு, சிவப்பு வாசல்கள் வரிசையாக நிற்கும் ஃபுஷிமி இனாரி கோயில், மான்கள் திரியும் பூங்கா உள்ள நாரா இரண்டையும் ரயிலிலேயே ஒரே நாளில் பார்த்துவிட்டு வர முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் அதோடு அராஷியாமா மூங்கில் காடு, ஒசாகா கோட்டை என்று சேர்த்துக்கொண்டே போனால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது, சாயங்காலம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவும் மாட்டீர்கள்.

அக்கா, முதலில் நாரா, திரும்பி வரும்போது இனாரி என்று என் கணவர் திட்டம் போட்டிருக்கிறார். சரிதானா?

அப்படியே திருப்பிப் போடுங்கள். இனாரி கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் திறந்திருக்கும். காலை ஆறரை ஏழுக்குள் போய்விட்டால் அந்தச் சிவப்பு வாசல் வரிசைக்குள் நீங்கள் இருவர் மட்டும் நிற்கிற மாதிரி ஒரு படமாவது கிடைக்கும், பத்து மணிக்கு மேல் போனால் முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். கியோட்டோ ஸ்டேஷனில் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நாரா லைன், இரண்டாவது ஸ்டேஷன் இனாரி, இறங்கினால் எதிரிலேயே கோயில். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற லோக்கல் ரயிலில்தான் ஏற வேண்டும். மியாகோஜி என்ற விரைவு ரயில் அங்கே நிற்காது. அப்புறம் அதே லைனில் நாரா பக்கம் போகும் ரயில் பிடித்து, ஊஜியில் விரைவு ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். நேரம் இருந்தால் ஊஜியிலேயே இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் பியோடோயின் என்ற புத்தர் கோயில், 1053இல் கட்டிய மண்டபம். கையில் 10 யென் நாணயம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், அதில் இருப்பது அந்த மண்டபம்தான்.

மனைவிக்கு மூட்டு வலி. இனாரி கோயில் மலை ஏற முடியுமா?

உச்சி 233 மீட்டர், முழுதும் சுற்றி வர இரண்டு மூன்று மணி நேரம், படிகளும் நிறைய. அதனால் உச்சி வேண்டாம். வாசல்கள் நெருக்கமாக நிற்கும் பகுதி அடிவாரத்திலேயே இருக்கிறது, அதைத் தாண்டியதும் ஒரு சின்ன சன்னதி வரும். அங்கே கல்விளக்கின் மேல் ஒரு கல் இருக்கும். மனதில் ஒன்றை வேண்டிக்கொண்டு தூக்க வேண்டும், நினைத்ததைவிடக் கனம் குறைவாகத் தெரிந்தால் வேண்டுதல் பலிக்குமாம். அதோடு திரும்பிவிடலாம். திரும்பும்போது வாசல் தூண்களைப் பாருங்கள், ஏறும்போது கண்ணில் படாத எழுத்துகள் தெரியும்: காணிக்கை கொடுத்த கம்பெனியின் பெயர், தேதி. நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவது மாதிரிதான்!

ஜேஆர் பாஸ் வாங்கினால் லாபமா சார்?

சார் இல்லை, அக்கா. இந்த ஒரு நாளுக்கு என்றால் நஷ்டம். ஜேஆர் ரயில்களில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வர விடும் 7 நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. கியோட்டோவிலிருந்து நாராவுக்கு ஜேஆர் டிக்கெட் ஆயிரம் யென்கூட வராது. முன்பணம் போட்டு ரயில் கேட்டில் தேய்க்கிற இகோகா கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒன்று. ஒரே கார்டைத் தேய்த்து இரண்டு பேரும் உள்ளே போக முடியாது. திரும்பி வர கிந்தெட்சு ரயில் வசதி, அதன் நாரா ஸ்டேஷன்தான் மான் பூங்காவுக்குப் பக்கம். ஆனால் அது தனியார் ரயில், ஜேஆர் பாஸ் செல்லாது.

நாராவில் மான்களைத் தவிர என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். தோடாய்ஜி என்ற புத்தர் கோயில். உள்ளே சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர். 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறந்து வைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. நம் சிற்பிகள் சாமி சிலைக்குக் கண் திறப்பார்களே, அதே சடங்கு. அவர் கையில் இருந்த தூரிகையில் நீளமான கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், புண்ணியம் எல்லோருக்கும் சேர வேண்டும் என்று. அந்தத் தூரிகை, கயிறு இரண்டும் அந்தக் கோயிலின் பழைய பொக்கிஷக் கிடங்கான ஷோசோயினில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. இப்போது நிற்கும் மண்டபம் 1709இல் முடிந்தது, பழையதைவிட அகலம் குறைவு. அதற்கே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும்.

மான்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே மானுக்கென்றே விற்கிற பிஸ்கட்டைக் காட்டிக் காட்டி ஏமாற்றினால் சட்டையைக் கடித்து இழுக்கும், சில சமயம் முட்டும். கொடுப்பதானால் சட்டென்று கொடுத்துவிட்டு, வெறும் கையை விரித்துக் காட்டுங்கள், போய்விடும். கையில் காகித மேப் வைத்திருந்தால் அதையும் தின்றுவிடும். பிளாஸ்டிக் பையை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள், அது வயிற்றில் சிக்கினால் செத்துப்போகும்.

நாங்கள் சுத்த சைவம். சாப்பாடு?

கஷ்டம்தான், பூசி மெழுகவில்லை. காய்கறி உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) என்று போட்டிருந்தாலும் சாற்றில் கட்சுவோபுஷி இருக்கும், நம் மாசிக் கருவாட்டின் ஜப்பானிய உறவு. இனிப்பு டோஃபு பைக்குள் சோறு அடைத்த இனாரி சுஷியும் பெரும்பாலும் அதே சாற்றில் வெந்ததுதான். காலையில் கடையில் வாழைப்பழம், சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாராவில் சான்ஜோ தெருவில் நகாதானிதோ என்ற கடை வாசலில் இரண்டு பேர் உலக்கையால் மோச்சி என்ற பசையரிசிப் பலகாரத்துக்கு மாவு இடிப்பார்கள், ஒருவர் குத்தும் இடைவெளியில் இன்னொருவர் கையை விட்டு மாவைப் புரட்டுகிற வேகம் நம்மைத்தான் பதறவைக்கும். மாச்சிப்பத்திரி வகைக் கீரை கலந்த மாவு, உள்ளே சிவப்புப் பயறுப் பூரணம், மேலே சோயா மாவு. சூடாகவே சாப்பிடுங்கள்.

ரயிலில் வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

போனில் பேசாதீர்கள், அவ்வளவுதான். ஆங், ஒசாகா பக்கம் போனால் பிளாட்பாரத்தில் இளஞ்சிவப்பு அடையாளம் போட்ட இடத்தில் பெண்கள் பெட்டி நிற்கும், மனைவி பின்னாலேயே ஏறிவிடாதீர்கள் தம்பி.