குழந்தையின் உயரமும் ஆய்வின் கணக்கும் – கேள்வி பதில்

கேள்வி: இளங்கலை இறுதியாண்டு ஆய்வுக்கு, எங்கள் வட்டாரத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு, அதாவது வயதுக்கேற்ற உயரமின்மை, எவ்வளவு என்று பார்க்கப்போகிறேன். 100 குழந்தைகள் போதுமா? அளப்பதில் எதைக் கவனிக்க வேண்டும்?
– சமூகப்பணி மாணவி, திண்டுக்கல்

பதில்: தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் இது 25 சதவீதம். நீங்கள் 100 பேரை அளந்து 25 பேர் வந்தால், உண்மை நிலை 16 முதல் 34 வரை எங்கும் இருக்கலாம். பிழையை 5 சதவீதப் புள்ளிக்குள் அடக்க 288 பேர் வேண்டும். சில ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அளந்தால் ஓர் ஊர்ப் பிள்ளைகள் ஒன்றுபோல இருப்பார்கள் என்பதால் அதையும் இரட்டிப்பாக்குவது வழக்கம்: 576. மூன்று மாதத்தில் ஒருவரால் ஆகிற காரியமல்ல. ஒரே ஊரை எடுத்து, அங்கன்வாடிப் பதிவேட்டை வைத்துக்கொண்டு எல்லாக் குழந்தைகளையும் அளந்துவிடுங்கள். அந்த ஊரைப் பற்றி மட்டும் எழுதுங்கள், வட்டாரத்தைப் பற்றி வேண்டாம்.

பெரும்பாலான மாணவர் ஆய்வுகள் கெட்டுப்போவது வயதில்தான். 71.5 செ.மீ. நீளமுள்ள ஆண் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 அட்டவணையில் 12 மாதத்துக்கான எல்லை 71.0, குழந்தை தப்பித்தது. 13 மாதம் என்று எழுதினால் எல்லை 72.1, வளர்ச்சி குறைந்த பிள்ளை! ஆகவே “ஒரு வயசு இருக்கும்மா” என்பதை எழுதாதீர்கள். பிறப்புச் சான்றிதழையோ தடுப்பூசி அட்டையையோ பார்த்துத் தேதியைக் குறியுங்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து, அதற்கு மேல் நிற்கவைத்து அளக்க வேண்டும். முரண்டு பிடிக்கும் சின்னக் குழந்தையை நிற்கவைத்தே அளக்க நேர்ந்தால் 0.7 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். படுக்கவைத்து அளக்கும் பலகையில் தலையை ஒருவர் பிடிக்க, முழங்காலை அழுத்திப் பாதத்தை இன்னொருவர் சரிசெய்ய வேண்டும், தனியாளாகப் போகாதீர்கள். உச்சிக் கொண்டையை அவிழ்க்கச் சொல்லுங்கள். இருமுறை அளந்து, வித்தியாசம் 0.7 செ.மீ.க்கு மேல் போனால் மறுபடி அளங்கள். மாலையில் நோட்டைப் புரட்டும்போது கடைசி இலக்கம் எல்லாம் 0, 5 என்றே இருந்தால், நீங்கள் அளக்கவில்லை, உத்தேசமாக எழுதியிருக்கிறீர்கள்.

கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி, பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இரண்டும் முதல் குழந்தையை அளப்பதற்கு முன்பே கையில் இருக்கட்டும்.

கேள்வி: களத்துக்குப் போக வழியில்லை. அதே தேசிய ஆய்வின் தரவுக் கோப்பில் கணக்கிட்டால், அறிக்கையில் இந்தியா முழுமைக்கும் உள்ள 35.5 சதவீதம் எனக்கு வரவில்லை. ஏன்?
– புள்ளியியல் மாணவர், மதுரை

பதில்: நீங்கள் திறந்திருப்பது ‘கே.ஆர்.’ கோப்பாக இருக்கும். அதில் பேட்டி கொடுத்த தாய்மாரின் பிள்ளைகள் மட்டுமே உண்டு; அறிக்கையின் எண் வீட்டிலிருந்த எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்தது. அதற்கு ‘பி.ஆர்.’ கோப்பு வேண்டும். அதில் ‘எச்.சி.70’ என்ற மாறியில் இசட் மதிப்பு (குழந்தையின் உயரம் அந்த வயதின் இடைநிலை உயரத்திலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளியிருக்கிறது என்பது) நூறால் பெருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மைனஸ் 200-க்குக் கீழ் இருந்தால் வளர்ச்சிக் குறைவு. 9996 முதல் 9998 வரையுள்ளவை பிழைக் குறியீடுகள். அவற்றை நீக்க மறந்தால் அத்தனையும் ‘நல்ல உயரம்’ என்ற கணக்கில் சேர்ந்து, சதவீதம் இறங்கிவிடும். முந்தைய இரவு அந்த வீட்டில் தங்கிய குழந்தைகளை மட்டும் வைத்துக்கொண்டு, எடைக் காரணியை (குழந்தையின் எடையல்ல, மாதிரித் தேர்வை ஈடுகட்டும் எண்) பத்து லட்சத்தால் வகுத்துப் போட்டுப் பாருங்கள்.