மருந்து வரும்வரை யார் பார்த்துக்கொள்வது?

கேள்வி: நினைவாற்றலும் சிந்திக்கும் திறனும் படிப்படியாக மங்கும் டிமென்ஷியாவைக் குணப்படுத்த இன்றுவரை மருந்தே கிடையாது. அப்படியிருக்க, நோயைக் கண்டறியும் முறைகளுக்கும் பராமரிப்புச் சேவைகளுக்கும் என்று ஆராய்ச்சி நிதியைப் பங்குபோடுவது வீண் அல்லவா? பணம் முழுவதையும் மருந்து கண்டுபிடிக்கும் ஆய்வுக்கே கொடுத்தால், ஒரு நாள் பராமரிப்பே தேவைப்படாமல் போய்விடுமே! (வாசகர் ஒருவர்)

பதில்: அந்த ‘ஒரு நாள்’ எப்போது வரும் என்று உறுதி சொல்லக்கூடியவர் இன்று எவரும் இல்லை. அதுவரை இருப்பவர்களை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு உங்கள் கேள்வியில் இடமே இல்லை. உலகில் 5.5 கோடிக்கும் அதிகமானோர் டிமென்ஷியாவுடன் வாழ்கிறார்கள் என்றும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 கோடிப் பேருக்குப் புதிதாக இந்நோய் வருகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 2019-ஆம் ஆண்டில் இந்நோய் உலகுக்கு வைத்த செலவு 1.3 லட்சம் கோடி டாலர். அதில் ஏறத்தாழப் பாதி, சம்பளம் வாங்காமல் குடும்பத்தார் செய்யும் பராமரிப்பின் மதிப்பு. அந்தப் பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. இவ்வளவு பெரிய சுமைக்கு எதிரே, உலகின் மொத்தச் சுகாதார ஆராய்ச்சி வெளியீடுகளில் டிமென்ஷியாவின் பங்கு 1.5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஏற்கெனவே மெலிந்து கிடக்கும் இந்தப் பங்கிலிருந்துதான் பராமரிப்புக்கான பகுதியையும் எடுத்துவிடச் சொல்கிறீர்கள்.

சரி, மருந்தையே எடுத்துக்கொள்வோம். டிமென்ஷியாவுக்கு மிகப் பரவலான காரணமான அல்சைமர் நோய்க்கான இரு மருந்துகள், லெக்கனமாப் 2023-லும் டொனனெமாப் 2024-லும், அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. இவை நோயைக் குணப்படுத்துவதில்லை. அது முற்றும் வேகத்தைக் குறைக்கின்றன. லெக்கனமாப் ஆய்வில், நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில், 18 மாத முடிவில் மருந்து பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இருந்த வேறுபாடு 0.45 புள்ளி. அந்தச் சிறு பயனும் நோயின் தொடக்கக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே. அவர்களுக்கும்கூட மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பதைச் சோதித்து உறுதிசெய்த பிறகே மருந்தைத் தொடங்க முடியும். மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ ஏற்படுகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும். டிமென்ஷியா உள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்கு நோய் கண்டறியப்படவே இல்லை என்று சர்வதேச அல்சைமர் நோய்க் கூட்டமைப்பு 2021-இல் மதிப்பிட்டது. அந்த மூன்று பேருக்கு நாளை வரப்போகும் மருந்தால் என்ன பயன்? நோய் முற்றியபின் பெயர் சூட்டிக்கொண்டிருப்பது, கண் கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரம்தான்.

கண்டறிவதில் இன்னும் என்ன ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது என்று கேட்பீர்கள். மருத்துவர் அறையில் நடப்பதைக் கவனியுங்கள். இன்று என்ன தேதி என்று கேட்பார். 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார். மூன்று சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார். 1975-இல் வெளியான ஒரு சோதனையின் பகுதிகள் இவை. இன்றும் பரவலாகப் புழங்குகின்றன. பள்ளிக்கே போகாத ஒருவர் மனம் தெளிவாக இருந்தும் இதில் தோற்றுவிடலாம். ஆயுள் முழுவதும் கணக்கெழுதிப் பழகியவர் நோய் வந்த பிறகும் தேறிவிடலாம். மொழிக்கும் கல்விக்கும் ஏற்பச் சோதனைகளை வடிவமைத்து, ஆயிரக்கணக்கானோரிடம் சரிபார்ப்பது பொறுமையும் பணமும் கேட்கிற வேலை. அதனால் எவருக்கும் பெரும் லாபம் கிடைக்கப்போவதில்லை. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவை டிமென்ஷியாவைப் போலவே தோற்றமளிக்கும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். இவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. ஒழுங்கான சோதனை இல்லாத இடத்தில், சரியாகிவிடக்கூடிய ஒருவரையும் ‘வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று மூலையில் உட்கார வைத்துவிடுகிறோம்.

அமிலாய்டைக் காட்டித்தரும் முதல் ரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்கா அனுமதி அளித்தது. நல்ல செய்திதான். ஆனால் அது நினைவாற்றல் குறைபாட்டுக்காக நிபுணர்களிடம் வருகிறவர்களுக்கானது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு என்று நான்கு நோய்களோடு சாதாரண மருத்துவமனைக்கு வருகிற எண்பது வயதுக்காரரிடம் இத்தகைய சோதனையை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தனியே ஆராய்ந்துதான் சொல்ல முடியும். சிறுநீரகம் பழுதுபட்டால் இந்தச் சோதனை அளக்கும் புரதத்தின் அளவும் மாறுகிறது.

இனி, நீங்கள் வீண் என்று கருதுகிற பராமரிப்பு ஆய்வுக்கு வருகிறேன். நார்வேயில் 18 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. நோய் நடுத்தர நிலையிலோ முற்றிய நிலையிலோ இருந்த 352 பேர் அதில் பங்கேற்றார்கள். கத்துவது, கையை ஓங்குவது, தொட வருபவரைத் தள்ளிவிடுவது போன்ற நடத்தைகளுக்கு மனநோய் மருந்து கொடுத்து அடக்குவது பல இடங்களில் வழக்கம். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அம்மருந்துகளால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்திருந்தது. நார்வே ஆய்வாளர்கள் வேறொன்றைச் சந்தேகித்தார்கள்: இவர்களுக்கு எங்கேனும் வலிக்கிறதோ, அதைச் சொல்ல வார்த்தை வராமல்தான் கத்துகிறார்களோ? எட்டு வாரங்கள், படிப்படியாக வலிக்குச் சிகிச்சை அளித்தார்கள். பெரும்பாலோருக்கு அது பாராசிட்டமால். வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட அவர்களிடம் இத்தகைய கொந்தளிப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. பாராசிட்டமாலை வைத்து இப்படி ஓர் ஆய்வு நடத்த எந்த மருந்து நிறுவனம் முன்வரும்? பொது நிதி வராவிட்டால் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

நியூயார்க்கில், நோயாளிகளின் வாழ்க்கைத் துணைவர்கள் 406 பேரிடம் நீண்டகால ஆய்வு ஒன்று நடந்தது. ஆலோசனை அமர்வுகள், ஆதரவுக் குழு, திண்டாடும்போது தொலைபேசியில் அழைத்துப் பேச ஓர் ஆலோசகர்: கொடுத்தது இவ்வளவுதான். இவற்றைப் பெற்றவர்கள், நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் நாளைச் சுமார் ஒன்றரை ஆண்டு தள்ளிப்போட முடிந்தது. ஒரு மாத்திரை இதைச் சாதித்திருந்தால் அது எல்லாப் பத்திரிகைகளிலும் முதல் பக்கத்தில் வந்திருக்கும் (எங்கள் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்).

மருந்து ஆய்வை நிறுத்தச் சொல்லவில்லை. வென்றால் பெரும் லாபம் என்பதால் அங்கே பணம் போட நிறுவனங்கள் இருக்கின்றன. அடிப்படை அறிவியலுக்குப் பொது நிதி தேவை என்பதிலும் ஐயமில்லை. ஆனால் லாபம் பார்க்க வழியில்லாத துறைக்குப் பொதுப் பணத்தை விட்டால் வேறு நாதி கிடையாது. அல்சைமர் ஆராய்ச்சிக்கு அரசுப் பணத்தை வாரி வழங்கும் அமெரிக்காவே, 2024 ஜூலையில், நோயாளியின் வீட்டாருக்கு வழிகாட்டவும் அவர்கள் சற்று ஓய்வெடுக்கவும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வழியாகப் பணம் தரும் எட்டாண்டுச் சோதனைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.

பராமரிப்பு ஆய்வுகளிலும் குறை உண்டு. அதை நீங்கள் கேட்டிருந்தால் இவ்வளவு வாதாடியிருக்க மாட்டேன். மூன்றாண்டுக்கு நிதி வருகிறது, செவிலியர்கள் பயிற்சி பெறுகிறார்கள், குடும்பங்கள் பழகிக்கொள்கின்றன. கட்டுரை வெளியானதும் நிதியும் நிற்கிறது, சேவையும் நிற்கிறது. ஆய்வு முடிந்த மறுநாள் இந்தச் சேவையை யார், எந்தப் பணத்தில் நடத்துவார்கள் என்பதற்கு விண்ணப்பத்திலேயே விடை எழுதாதவர்களுக்கு நிதியை மறுக்க வேண்டும் என்று நீங்கள் கோரினால், உங்களுக்கு அடுத்த கையெழுத்து என்னுடையது.